பெர்தா பென்ஸ் போன வழியில்

ஜெர்மனியில் வந்து குடியேறும் இந்தியருக்கு, ஊரில் வாங்கிய ஓட்டுநர் உரிமம் ஆறு மாதம்தான் செல்லும். அதன் பிறகு, இருபது ஆண்டு ஓட்டியவராக இருந்தாலும் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் உரிமங்களைத் தேர்வு இல்லாமலே மாற்றித் தருகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு இரண்டிலும் தேறியாக வேண்டும். ஜெர்மானியப் பிள்ளைகளுக்கு உள்ள கட்டாயப் பயிற்சி வகுப்புகள் நமக்கு இல்லை என்பது ஒன்றுதான் சலுகை. இங்கே புதிதாக ஓட்டக் கற்பவருக்கு 3,000 யூரோ அளவில் செலவாவது சாதாரணம் என்பதால் இது சிறிய சலுகை அல்ல.

நாங்கள் இருப்பது வீஸ்லோஹ் என்ற சிறு நகரத்தில். பக்கத்து ஊர் வால்டோர்ஃப். எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனத்தின் தலைமையகம் அங்கே இருப்பதால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கணவருக்கு வேலை கிடைத்து, கூடவே வந்த பெண்கள்தான் இதில் பெரும்பகுதி. ஊரில் ஸ்கூட்டரும் காரும் ஓட்டியவர்கள், வங்கிக்கும் பள்ளிக்கும் தனியாகப் போய் வந்தவர்கள், இங்கே சனிக்கிழமைக்காகக் காத்திருப்பதைப் பார்க்கிறேன். பகலில் பேருந்தும் ரயிலும் ஒழுங்காக ஓடுகின்றன. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழந்தைக்கு இரவில் காய்ச்சல் வந்தால், அடுத்த கிராமத்தில் நீச்சல் வகுப்பு என்றால், ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை வேறு ஊரில் திறந்திருந்தால், இன்னொருவர் வந்து அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்லை. நான் விண்ணப்பம் கொடுத்தது அதனால்தான்.

முதல் படி முதலுதவி வகுப்பு. ஒன்பது பாடவேளை, ஒரு முழு நாள். அதில் கலந்துகொண்ட சான்றிதழ் இல்லாமல் உரிமத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. கார் ஓட்டுவதற்கு இது எதற்கு என்று அன்று காலையில் எனக்கும் கேள்வி இருந்தது. மாலையில் வீடு திரும்பும்போது இருக்கவில்லை. தரையில் கிடந்த பொம்மையின் நெஞ்சில் முப்பது முறை அழுத்தி, இரண்டு முறை மூச்சு ஊத வேண்டும். பார்க்க எளிது. இரண்டு நிமிடத்தில் தோள் கடுத்துவிடுகிறது. விழுந்து கிடக்கும் மோட்டார் சைக்கிள்காரரின் தலைக்கவசத்தை இரண்டு பேர் சேர்ந்து கழுத்து அசையாமல் எப்படிக் கழற்றுவது, நினைவிழந்தவரை எப்படிப் பக்கவாட்டில் படுக்கவைப்பது என்று ஒவ்வொருவரையும் செய்யவைத்தார் வகுப்பு நடத்திய அம்மையார். என் ஜோடி பதினேழு வயதுப் பையன். என் தலையை அவன் அவ்வளவு பயபக்தியோடு தாங்கிப் பிடித்தான்.

விபத்தைக் கண்டும் உதவாமல் போவது ஜெர்மனியில் குற்றம். ஓராண்டு வரை சிறைத்தண்டனை கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உதவச் சொல்லும் நாடு, உதவும் முறையையும் கற்றுக்கொடுத்துவிட்டே வண்டியைக் கையில் கொடுக்கிறது. இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில், விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவர் மீது வழக்கு வராமல் காக்கும் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. பாதுகாப்பு வந்துவிட்டது, பயிற்சி வரவில்லை. எட்டு போட்டுக் காட்டி உரிமம் வாங்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு நாள் வகுப்பைக் கட்டாயமாக்கினால் நெடுஞ்சாலைகளில் எத்தனை உயிர் தங்கும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், துருக்கி மொழியிலும் எழுதலாம். தமிழில் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளிலிருந்து முப்பது வரும். ஒவ்வொரு கேள்விக்கும் பிழைப்புள்ளி உண்டு. மொத்தம் பத்துக்கு மேல் போனால் தோல்வி. முன்னுரிமை பற்றிய ஐந்து புள்ளிக் கேள்விகள் இரண்டு தவறினால் அப்போதும் தோல்வி. யார் முதலில் போக வேண்டும் என்பதில்தான் இந்த நாட்டுச் சாலை முழுவதும் நிற்கிறது என்பது படிக்கப் படிக்கப் புரிந்தது. பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும். வருவது பெரிய லாரியா, பழைய சின்னக் காரா என்பது பேச்சே இல்லை. சைக்கிள்காரரைத் தாண்டும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும். குழந்தைகள் விளையாடலாம் என்று நீலப் பலகை வைத்த தெருவில் நடக்கிற வேகத்தில்தான் கார் போகலாம்.

படித்தது வேறு, தெருவில் செய்தது வேறு. வீஸ்லோஹின் பழைய தெருக்கள் குறுகலானவை. வலப்பக்கச் சந்துகள் வீட்டுச் சுவர்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்து, பிறகு நகர வேண்டும். ஸ்டீயரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். உடம்பு அதற்குச் சீக்கிரம் பழகிவிட்டது. பழக நாளானது கழுத்துதான். "கண்ணாடியைப் பாருங்கள், தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள், அதற்குப் பிறகு வண்டியைத் திருப்புங்கள்" என்று என் பயிற்சியாளர் ஒரே குரலில், சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கண்ணாடியில் தெரியாத இடத்தில்தான் சைக்கிள்காரர் இருப்பார் என்பது அவருடைய பாடம். ஹார்ன் எப்போது அடிக்கலாம் என்று கேட்டேன். ஆபத்து என்றால் அடியுங்கள், கோபம் என்றால் வேண்டாம் என்றார். மதுரை கீழமாசி வீதியில் ஓட்டக் கற்றவளுக்கு அந்த அமைதி முதலில் அச்சமாக இருந்தது. இப்போது அது இல்லாமல் ஓட்ட முடியுமா என்று தெரியவில்லை.

சாலைத் தேர்வு 55 நிமிடம். பயிற்சியாளர் பக்கத்தில், தேர்வு அதிகாரி பின் இருக்கையில். டயர் தேய்மானம் எவ்வளவு இருக்கலாம் என்ற கேள்வியில் தொடங்கி, ஊர்த் தெரு, கிராமச் சாலை, ஆட்டோபான், பின்னால் எடுத்து நிறுத்துவது என்று போய் முடிந்தது. ஜெர்மன் அட்டை கைக்கு வர வேண்டுமானால் இந்திய உரிமத்தைக் கொடுத்துவிட வேண்டும். மதுரையில் அப்பா கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தது அது. கொடுக்கும்போது மனம் கனத்தது.

கார் வாங்கியதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய சிறிய கார். இங்கே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். தேறினால் பின்பக்க எண் பலகையில் வட்டமான வில்லை ஒட்டுவார்கள். பழைய கார் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். காப்பீட்டு நிறுவனம் தரும் எண் இல்லாமல் பதிவு நடக்காது. ஊரில் விபத்தில்லாமல் ஓட்டிய ஆண்டுகள் பெரும்பாலும் இங்கே கணக்கில் வருவதில்லை. அதனால் முதல் ஆண்டுகளில் காப்பீட்டுக் கட்டணம் கடிக்கும். கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேலாடை, முதலுதவிப் பெட்டி மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும். குளிர்கால டயருக்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும். பதிவு அலுவலகத்தை ஒட்டியே எண் பலகை அடித்துத் தரும் கடைகள் இருக்கின்றன. சில நிமிடங்களில் சூடாகக் கையில் கொடுத்தார்கள். ஹைடெல்பெர்க் வட்டாரத்தின் எச்.டி. எழுத்துகளோடு என் மகளின் பிறந்த நாள் அதில் இருந்தது.

முதல் நீண்ட பயணம் எது என்பதை நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். அவளை முன் இருக்கையில் உட்காரவைத்து மன்ஹைமுக்குப் போனேன். அங்கிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, பெர்தா பென்ஸ் போன வழி.

கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் மனைவி பெர்தாவின் சீதனப் பணம் அந்தத் தொழிலில் போயிருந்தது. வண்டி வந்தும் வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் பெர்தா, யூகன், ரிச்சர்ட் என்ற தன் இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார். போன இடம் ஃபோர்ட்ஸ்ஹைம், அவருடைய தாய்வீடு. நூறு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் அதுவரை யாரும் போனதில்லை. அதே 1888இல்தான் தன் வண்டியைச் சாலையில் ஓட்ட, இந்தப் பகுதியை அப்போது ஆண்ட பேடன் அரசின் எழுத்துமூல அனுமதியை கார்ல் பென்ஸ் பெற்றார். ஓட்டுநர் உரிமத்தின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். நான் உரிமம் வாங்கியது உரிமம் பிறந்த மண்ணிலேயே. ஆனால் அந்த வண்டியால் என்ன முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது, உரிமம் எதுவும் இல்லாமல் தாய்வீட்டுக்குக் கிளம்பிய பெண்.

லாடன்பர்கில் முதலில் நிறுத்தினோம். பெர்தாவும் கார்லும் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர். இருவரின் கல்லறையும் இங்கேதான். பென்ஸ் குடும்பத்தின் பழைய தொழிற்கூடம் இப்போது அருங்காட்சியகம். பெரிய சக்கரங்களும் உட்கார ஒரு பலகையுமாக அந்த மோட்டார் வண்டியைப் பார்த்ததும் அம்மா, "இதுலயா பிள்ளைகளை உட்காரவச்சுக் கூட்டிப்போனா?" என்று கேட்டாள். எரிபொருள் குழாய் அடைத்ததைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்ததையும், மின்கம்பி உராய்ந்த இடத்தில் காலுறைப் பட்டியைச் சுற்றியதையும் சொன்னேன். "வீட்டை நடத்தினவளுக்கு அதெல்லாம் தானா வரும்" என்றாள்.

ஹைடெல்பெர்க்கைத் தாண்டி பி3 சாலையில் தெற்கே வந்தால் எங்கள் வீஸ்லோஹ். வழியில் எரிபொருள் தீர, பெர்தா இங்கே மருந்துக்கடையில் நிறுத்தி லிக்ரோயின் வாங்கினார். துணியில் கறை எடுக்க அக்காலத்தில் மருந்துக்கடையில் விற்ற திரவம் அது. உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த மருந்துக்கடையை இப்போதும் ஊரார் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் குழந்தைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்துபோன நாட்களிலெல்லாம் கடந்துபோன இடம். அன்று காரில் கடந்தேன்.

புருக்ஸாலில் பெர்தாவின் வண்டிச் சங்கிலியை ஒரு கொல்லர் சரிசெய்து கொடுத்தார். நாங்கள் அங்கே அரண்மனை எதிரில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். க்ரோட்ஸிங்கனுக்குப் பிறகு சாலை மேடும் பள்ளமுமாக மலைக்குள் ஏறுகிறது. இந்த ஏற்றங்களில் பெர்தாவின் பிள்ளைகள் வண்டியைத் தள்ளினார்கள். கியரைக் குறைத்து நான் ஏறிய மேடுகளில், அந்த வண்டிக்கு ஏற்றத்துக்கான கியரே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பெர்தா திரும்பி வந்து சொன்ன பிறகுதான் பென்ஸ் அதைச் சேர்த்தார். இறக்கத்தில் தேய்ந்த பிரேக் கட்டைக்குத் தோல் தைத்துப் போடவைத்ததும் பெர்தாதான். ஊர் போய்ச் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

ஃபோர்ட்ஸ்ஹைம் நகைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1945 பிப்ரவரி 23 குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்து மறுபடி எழுந்தது. பெர்தா பார்த்த தெருக்கள் அதிகம் மிஞ்சவில்லை. ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பியது ஆட்டோபான் வழி. கார்ல்ஸ்ரூஹே அருகே ஏ5 சாலையில் வேகம் திடீரென்று குறைந்து, எல்லா வண்டியும் ஊர ஆரம்பித்தன. தேர்வுக்குப் படித்தது அப்போது கண்முன் நடந்தது. இடக்கோடியில் இருந்தவர்கள் எல்லாரும் இடப்பக்கம் ஒதுங்க, மற்றவர்கள் வலப்பக்கம் ஒதுங்க, நடுவில் ஒரு பாதை திறந்தது. ஆம்புலன்ஸின் சத்தம்கூட இன்னும் கேட்கவில்லை. கேட்ட பிறகு வழி விட்டால் நேரம் போய்விடும் என்பதற்காக, வேகம் குறையும்போதே ஒதுங்க வேண்டும் என்று சட்டம். நானும் ஒதுக்கினேன். சற்று நேரத்தில் ஆம்புலன்ஸ் எங்கும் நிற்காமல் அந்தப் பாதையில் போனது. காலியாகக் கிடந்த அந்தப் பாதையில் ஒரு கார்கூட முந்திக்கொண்டு நுழையவில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஆறு மாதமாகப் படித்ததும், தாள் தாளாக நிரப்பியதும், செலவழித்த யூரோவும் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் சொல்வேன்.

ஜெர்மனிக்குக் கிளம்பும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் உரிமத்தைப் பெட்டியில் மறக்காமல் வையுங்கள். இங்கே முகவரி பதிந்த முதல் மாதமே கண் பரிசோதனையும் முதலுதவி வகுப்பும் முடித்து விண்ணப்பத்தைக் கொடுங்கள். அலுவலகத்தில் அது நகர வாரக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் கேள்விகளைப் படிக்கலாம். மொழி வரட்டும், குழந்தை வளரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.