14 வருடத்துக்குப் பிறகு பியானோ

எங்கள் சபையில் கீபோட் வாசித்த அண்ணா குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பலெர்மோவிலிருந்து பல குடும்பங்கள் அப்படிப் போயிருக்கின்றன. அடுத்த ஞாயிறே போதகர் ஐயா அக்காவையும் என்னையும் பார்த்து, “நீங்கள் ரெண்டுபேரும் ஊரில படிச்சனீங்கள்தானே?” என்றார்.

படித்தோம்தான், யாழ்ப்பாணத்தில் கிரேட் 5 வரை. பிறகு இத்தாலிக்கு வந்தோம். புது மொழி, தாதியர் பட்டப்படிப்பு, இரவு வேலை என்று 14 வருடம் ஓடிவிட்டது.

சீசாவில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய டிஜிட்டல் பியானோ வாங்கினோம். கீழ்வீட்டுக்காரருக்காக இரவில் ஹெட்போன் போட்டு வாசிப்போம். எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்பதுதான் சிக்கல்.

முதலில் எடுத்தது ஹானோன். 1873இல் வந்த அந்தப் புத்தகத்தில் 60 பயிற்சிகள். அத்தனையையும் ஒரு மணித்தியாலத்தில் வாசித்து முடிக்கலாம் என்று முன்னுரை சொல்கிறது. நோயாளிகளைத் தூக்கித் திருப்பிவிட்டு வந்த கைகளோடு முயன்றோம். ஒரு கிழமையில் அக்காவுக்கு முன்கை வலி. மாதக்கணக்காகப் படுத்திருந்தவரை முதல் நாளே படி ஏறச் சொல்வோமா? எங்கள் விரல்களுக்கு மட்டும் அந்த நியாயம் மறந்துவிட்டது.

பிறகு செர்னியின் ஓபஸ் 599க்கு இறங்கினோம். நூறு சிறு பயிற்சிகள். முதல் பக்கங்கள் சிறுபிள்ளைகளுக்கானவை. கிரேட் 5 சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் விரல் திரும்பியது அதில்தான். கூடவே புர்க்முல்லரின் ஓபஸ் 100, 25 துண்டுகள். இரண்டாவதான ‘அரபெஸ்க்’கில் வலது கை ஓடியதை இடது கையும் ஓடவேண்டும். எங்களைக் கேட்டால், விட்ட கிரேட்டிலிருந்து இரண்டு கிரேட் கீழே தொடங்குங்கள். ஹானோன் பிறகு வரட்டும்.

இன்னொரு கூத்து. நாங்கள் ‘சி மேஜர்’ என்றால் அக்காவின் மகன், “இல்ல சித்தி, அது தோ” என்பான். இத்தாலியில் ‘சி’ என்பது நாங்கள் படித்த ‘பி’. ‘மி பெமொல்லே மஜ்ஜோரே’ என்று அச்சிட்டிருந்தால் அது ஈ பிளாட் மேஜர். இப்போது பென்சிலால் இரண்டையும் எழுதி வைக்கிறோம்.

ஞானப்பாட்டின் நாலு குரலையும் ஒரே ஆளாக வாசிக்க இன்னும் வரவில்லை. அதனால் போன ஞாயிறு ஒரே வாங்கில் இருவரும் இருந்தோம். பேஸும் டெனரும் அக்கா, மேலே இரண்டும் நான். மூன்றாம் சரணத்தில் அக்கா ஒரு வரி முந்திவிட்டார். சபையும் அவர் பின்னாலேயே போய்விட்டது. நான்தான் ஓடிப் பிடிக்கவேண்டியிருந்தது.