மேஸ்திரி எங்கே?

சிலை பார்க்கவும் ஒரு தகுதி வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜோலார்பேட்டையில் முப்பது வருஷம் ரயில் பாதையில் கடப்பாரை பிடித்த என் அப்பாவை, சென்னை மெரினாவுக்கு அழைத்துப் போயிருந்தேன். உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சவுத்ரி வடித்தது, 1959-ல் நிறுவியது. ஆளுயரத்தை மிஞ்சிய நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். 1923-ல் சிங்காரவேலர் இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் மே தினக் கூட்டம் நடத்தியது வரை பிரசங்கம் செய்தேன்.

அப்பா காதில் வாங்கவில்லை. சிலையை ஒருமுறை சுற்றி வந்தார்.

"மேஸ்திரி எங்கடா, காணோம்?"

"மேஸ்திரியே இல்லைப்பா. நாலு பேர்தான்."

"அப்போ அது அவங்க சொந்தக் கல்லு" என்றார்.

பிறகு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.