பின்கோட்டை எட்டிய பந்து

திருச்சுழியில் அந்திக் காற்று ஓய்ந்தபின் மகளோடு இறகுப்பந்து ஆடுவேன். அவள் அடிக்கும் பந்து நடுக்களத்திலேயே விழும். "இன்னும் ஓங்கி அடியம்மா!" என்று நாள்தோறும் கத்தினேன். ஒருநாள், "அத்தா, கையைத் தூக்க முடியவில்லை" என்றாள்.

பிழை என்னுடையது. ஐந்து கிராம் அளவே எடையுள்ள பந்தை 44 அடிக் களத்தின் கடைக்கோடிக்குச் செலுத்தத் தோளின் முரட்டு வலிமை போதாது. மட்டையைத் தளரப் பிடித்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, தலைக்கு மேலே சற்று முன்பாகப் பந்தைச் சந்தித்து, முன்கையைச் சுழற்றி, அடிபடும் கணத்தில் மட்டும் விரல்களை இறுக்கவேண்டும். 1980இல் அகில இங்கிலாந்து இறுதியாட்டத்தில், ஓங்கியடிப்பதில் பெயர்பெற்ற லியம் சுவீ கிங்கைப் பிரகாஷ் படுகோனே நிதானத்தாலும் நுட்பத்தாலுமே வென்றார். இதை அறிந்திருந்தும் கத்தினேனே!

தோள் தேறியபின் இலேசாகத்தான் வீசினாள். பந்து என் தலையைக் கடந்து பின்கோட்டருகே விழுந்தது.