அளந்து உண்ணும் அப்பம்

எங்கள் இல்லத்தில் ரொட்டி சுடத் தொடங்கியது ஆசையினால் அன்று. அம்மாவின் இரத்தத்தில் ஏறிய சர்க்கரையினால். எண்பதை எட்டிவிட்ட அவருக்குக் காலையில் ரொட்டியும் தேநீரும்தான் ஒத்துவரும். வெள்ளை ரொட்டியை நிறுத்திவிடுமாறு மருத்துவர் கூறினார். 'பல தானிய ரொட்டி' என்று எழுதிய பொட்டலம் ஒன்றைக் கடையில் வாங்கி வந்தோம். உட்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தோம். முதலில் நின்றது மைதா. தானியங்கள் கடைசியில் ஒதுங்கி நின்றன. நாமே சுட்டுப் பார்ப்போம் என்று அன்றே முடிவு செய்தோம்.

நாமக்கல் சமவெளியில் வாழும் எங்களுக்குத் தானியம் ஒரு குறையா? கேழ்வரகும் கம்பும் சந்தையிலேயே கிடைக்கின்றன. சாமைக்கும் தினைக்கும் கொல்லிமலை இருக்கிறது. ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், முன்பு சாமை விளைந்த சரிவுகள் பலவற்றில் இன்று மரவள்ளியே நிற்கிறது. கீழே உள்ள சவ்வரிசி ஆலைகள் கிழங்கைக் காசு கொடுத்து வாங்குகின்றன. சாமையையோ உரலில் இட்டுக் குத்திக் குத்தி உமி நீக்க வேண்டும். அந்தப் பாடு முழுவதும் பெண்களின் தோளில். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மலையில் சிறுதானிய விதைகளைக் காக்க முன்வந்தபோது, உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களில் அமைக்க வேண்டியிருந்ததன் காரணம் இதுவே.

முதல் நாள் ஆர்வ மிகுதியால் சாமை மாவையும் கேழ்வரகு மாவையும் அள்ளிக் கொட்டி, கோதுமையைப் பேருக்குச் சேர்த்தோம். ஓவனிலிருந்து வெளிவந்தது ரொட்டியன்று, செங்கல்! பிறகுதான் காரணம் விளங்கியது. கோதுமையில் உள்ள புரதங்கள் நீரோடு சேர்ந்து பசையாகி, ஈஸ்ட் எழுப்பும் காற்றைப் பிடித்து வைக்கின்றன. சிறுதானியங்களுக்கு அந்தப் பசை இல்லை. தனித்து நின்றால் அவை எழுவதில்லை. கோதுமையின் தோளைப் பற்றியே எழுகின்றன.

இப்போது எங்கள் அளவு இது: முழுக்கோதுமை மாவு 350 கிராம், கேழ்வரகு மாவு 75, சாமை மாவு 75, உப்பு 9, ஈஸ்ட் 5, தண்ணீர் 350 மில்லி. எள்ளும் ஆளி விதையும் பூசணி விதையுமாக 60 கிராமை ஒரு மணி நேரம் முன்னதாக ஊற வைக்கிறோம்; இல்லையேல் அவை மாவின் ஈரத்தைக் குடித்துவிடும். சித்திரை வெயிலில் மாவு விரைந்து பொங்கிப் புளித்துவிடுவதால், விடியுமுன் குளிர்ந்த நீரில் பிசைகிறோம். 200 டிகிரியில் நாற்பது நிமிடம்.

ரொட்டி நன்றாகவே வந்தது. அம்மா தொடவில்லை. "சாமையும் களியும் வேண்டான்னுதானே உங்களைப் படிக்க வெச்சேன் கண்ணு. இப்ப நீங்களே அதைக் கொண்டாந்து வெக்கறீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை; தோற்றுப்போனவரின் சோர்வு இருந்தது. நலம் என்று நாங்கள் நீட்டியது, அவருக்கு வறுமையின் பழைய முகமாகத் தெரிந்தது.

அன்றிரவு எசேக்கியேல் நூலின் நான்காம் அதிகாரத்தை எடுத்துப் படித்தோம். கோதுமை, வாற்கோதுமை, பயறுகள், சிறுதானியம் யாவற்றையும் ஒரே பாத்திரத்தில் இட்டு அப்பம் சுடும்படி இறைவாக்கினருக்குக் கட்டளை. அதை நலவாழ்வுக் குறிப்பு என எண்ணுவோர் உண்டு. ஆனால் அது முற்றுகையிடப்பட்ட நகரின் அப்பம். ஒரு தானியமும் போதாமையால் எல்லாவற்றையும் வழித்துச் சேர்த்த அப்பம். நாளொன்றுக்கு இருபது செக்கேல், ஏறத்தாழ 230 கிராம், நிறுத்தே உண்ண வேண்டும். அம்மாவின் சொல்லில் இருந்த நியாயம் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மறுநாள் நாங்கள் அவரை வற்புறுத்தவில்லை.

சில வாரங்கள் கழிந்தன. ஒரு காலை, சூடு ஆறாத ரொட்டியின் மணம் கூடத்திற்குச் சென்றிருக்க வேண்டும். அம்மா மெல்ல வந்து ஓரத்தைக் கிள்ளி வாயிலிட்டார். பிறகு தாமாகவே பேசினார். அறுபதுகளில் கோவில் வாசலில் நிவாரணக் கோதுமை கொடுத்தார்களாம். வரிசையில் நின்று வாங்கி வந்த அந்தக் கோதுமையை அவருடைய தாயார் தனியே சமைக்க மாட்டாராம். வீட்டிலிருந்த கேழ்வரகோடு கலந்து பிசைந்து அடை தட்டுவாராம். "எட்டு வாய்க்குப் பத்தோணுமில்ல" என்றார்.

நாங்கள் புதிதென்று எண்ணிச் செய்ததைப் பாட்டி எப்போதோ செய்து முடித்திருந்தார். அவருடைய கலவையில் எட்டுப் பேரின் பசி இருந்தது. எங்கள் கலவையில் ஒருவரின் நோய். இரண்டையும் பிசைந்தது ஒரே அக்கறைதான்.

இந்த ரொட்டியிலும் கோதுமை உண்டு, சர்க்கரையையும் ஏற்றும்; ஆகவே அளவு மாறாது. அம்மாவுக்கு நாளும் இரண்டு துண்டுகள் மட்டுமே. மூன்றாவதை அவர் கேட்பதில்லை. ஆனால் ரொட்டி சுடும் நாள்களில் தமது பங்கை எடுக்குமுன், "பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் குடுத்தாச்சா?" என்று கேட்கத் தவறுவதில்லை.