வால்வு ஆம்ப்ளிபையர் எம் வீட்டிற்கு ஏற்குமா?

சங்கீதப் பித்துக் கொண்ட இருவர் ஒரு திண்ணையிற் கூடினால், இக்காலத்தும் முடிவுறாத வாதம் ஒன்று எழக் காண்கிறோம். வால்வு இனிதா, டிரான்ஸிஸ்டர் இனிதா என்பதே அவ்வாதம். 1947ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச்சாலையில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. அது வளர்ந்து பெருகியபின் வீட்டு ரேடியோவினின்றும் பாட்டுப் பெட்டியினின்றும் வால்வு வெளியேறிற்று. வெளியேறிய அப்பொருள் இன்று திரும்பி வந்து, தன்னை வெளியேற்றியதைக் காட்டிலும் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றது. வாங்குவோரும் அறிவிலிகள் அல்லர். இஃது எதனால் என்று எம்மை வினவிய மாணவ நண்பர் சிலர்க்கும், ஓய்வூதிய நிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு யாம் எமக்கே விடுத்துக்கொண்ட வினாவிற்கும் ஒருங்கே விடையாக இதனை எழுதத் துணிந்தோம்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவை. உள்ளே ஓர் இழை சூடேறி மின்னணுக்களைச் சொரிகின்றது. சுற்றியுள்ள தகடு அவற்றை இழுக்கின்றது. நடுவே நிற்கும் கம்பிச் சல்லடை, வாய்க்கால் மதகேபோல், அவ்வோட்டத்தை மிகுத்தும் குறைத்தும் விடுகின்றது. பிளெமிங் என்னும் ஆங்கிலேயர் 1904இல் இழையும் தகடும் கொண்ட வால்வைச் செய்தார். அமெரிக்கராகிய டிபாரஸ்ட் 1906இல் நடுவே சல்லடையைப் புகுத்தினார். மெலிந்த ஒலியை வலிதாக்கும் வித்தைக்கு வழி திறந்தது அப்போதுதான். நம் நாட்டிலும் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தார் 1960களில் வால்வுகள் செய்துவந்தனர். இதற்குமேல் அதன் வரலாறு இங்கு வேண்டுவதில்லை.

வாதத்தில் இறங்குமுன் எம் நிலையைச் சொல்லிவிடுதல் நேர்மை. எம் தகப்பனார் 1955ஆம் ஆண்டில் வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று எங்கள் கூடத்தில் நெடுங்காலம் இருந்தது. விசையைத் திருப்பினால் உடனே பேசாது. இழைகள் சூடேற அரை நிமிடம் செல்லும். அவ்வரை நிமிடமும் தகப்பனார் உதட்டில் விரலை வைத்து வீடு முழுவதையும் அடக்குவார். பின்னர்த் திருச்சி வானொலியின் தம்பூரா ஒலி எங்கிருந்தோ ஊறி வருவதுபோல் வரும். அவ்வொலியின் இனிமை இன்றைய எந்த யந்திரத்திலும் இல்லை என்று எம் நெஞ்சு சொல்லுகின்றது. ஆயின் நெஞ்சின் சாட்சியத்தை எந்த நியாயஸ்தலமும் விசாரணையின்றி ஏற்காது. யாம் விழைவது வால்வையா, தகப்பனாரையா? தொகையோ சிறிதன்று. எம் மனையாள் பத்தாண்டுகளாக வேண்டிவரும் அடுக்களைத் தளத்தின் செலவும் அதுவும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலின், உள்ளே பேசுவது எது என்று தெளிந்தாலன்றிப் பையை அவிழ்ப்பதில்லை என உறுதி கொண்டோம்.

இந்நிலையில், இக்கல்லூரியில் எம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து பயின்ற நண்பர் ஒருவர், தம் வால்வு ஆம்ப்ளிபையரை இரண்டு வாரம் எம்மிடம் விட்டுவைத்தார். அதன் தலையாய வால்வு ‘300-பி’ என்பது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியார் 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட இனம். இடம் வலம் என்னும் இரு பக்கங்களுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக நின்று, 8 வாட் ஆற்றல் தருவது. எம் வீட்டு டிரான்ஸிஸ்டர் யந்திரமோ 50 வாட். எட்டு எங்கே, ஐம்பது எங்கே என்று நகைப்பாரும் உளர். எட்டே மிகையென்று சாதிப்பாரும் உளர். இருவரும் ஸ்பீக்கரைக் கேளாமற் பேசுகின்றனர்.

ஸ்பீக்கர்ப் பெட்டிக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெஸிபெல் ஒலி பிறக்கும் என்பதை, அதனைச் செய்தோர் உடன் வரும் தாளிற் குறித்திருப்பர். அதற்கு உணர்திறன் என்று பெயர். எம் பெட்டிகளின் உணர்திறன் 84. வாட் இரட்டிக்குந்தோறும் 3 டெஸிபெல் ஏறும். 1, 2, 4, 8 என மும்முறை இரட்டித்தால் 9 ஏறும். ஆக 8 வாட்டிற் கிடைப்பது 93. யாம் அமரும் நாற்காலி 3 மீட்டர் அப்பால் உள்ளது. தூரத்தாற் சில டெஸிபெல் குறையும். பெட்டி இரண்டாகையாற் சிறிது கூடும். 90 அளவில் நிற்கும் எனக் கொள்ளலாம். வாய்ப்பாட்டை வீட்டில் நிதானமாகக் கேட்குங்கால் சராசரி ஓசை 70 அளவே. ஆயினும் மிருதங்கத்தின் ஓர் அடி அதற்கு மேல் 15, 20 டெஸிபெல் துள்ளும். எழுபதும் இருபதும் தொண்ணூறு. எண்ணெயும் திரியும் ஒருங்கே தீரும் கணக்கு இது. தவிலோடு நாகசுவரம் கேட்க விரும்பினாற் போதாது. இதே ஆம்ப்ளிபையர் நண்பர் வீட்டில் 96 உணர்திறனுள்ள பெரிய பெட்டிகளோடு குடும்பம் நடத்துகின்றது. 12 டெஸிபெல் வேற்றுமையாவது வாட் கணக்கில் ஏறத்தாழ 16 மடங்கு. எம் வீட்டில் 128 வாட் செய்யவேண்டிய வேலையை அங்கே 8 வாட் செய்து முடிக்கின்றது. வால்வு வாங்கலாமா என்று கேட்பவர் முதலிற் பார்க்கவேண்டுவது வால்வையன்று, தம் ஸ்பீக்கரின் தாளையே.

கணக்கு இவ்வாறிருப்பினும், மெல்லிய ஓசையிற் கேட்ட முதல் மாலை எம்மைக் கவிழ்த்துவிட்டது. எம். டி. ராமநாதனுடைய பாட்டு ஒன்றை வைத்தோம். மந்தரத்தில் ஆழ்ந்து செல்லும் அக்குரல் கூடமெங்கும் நிரம்பிற்று. சகர ஒலிகளின் கூர் மழுங்கி இதமாயிற்று. மிருதங்கத்தின் தொப்பி கொழுத்து முழங்கிற்று. மனையாள் அடுக்களையினின்றும் வந்து நிலைப்படியில் நின்று கேட்டார். தளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மௌனம் எமக்கு அச்சத்தையே தந்தது.

மறுநாள் எம் தமக்கையின் மகனை வரவழைத்தோம். இக்கல்லூரியிற் பௌதிகம் பயின்றவன், இருபத்துமூன்று வயதினன், எதனையும் அளந்தன்றி நம்பாதவன். இரு யந்திரங்களையும் திரைக்குப்பின் வைத்து, வோல்ட் மீட்டரால் அளந்து இரண்டின் ஓசையையும் ஒரே அளவாக்கினான். இஃது இன்றியமையாதது. ஒன்று ஒரு டெஸிபெல் மிகுந்தாலும், செவி அதனை ‘ஓங்கி ஒலிக்கிறது’ என்னாது. ‘நன்றாயிருக்கிறது’ என்றே சொல்லும். விற்போர் சிலர் இதனை நன்கறிவர். வால்வு யந்திரத்தினின்றும் ஸ்பீக்கரைப் பிரிக்கும்போதெல்லாம் 8 ஓம் மின்தடை ஒன்று அதன் இடத்தைப் பிடிக்குமாறும் விசை அமைத்தான். பாரமின்றி ஓடவிட்டால் அதன் டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போகலாம். பின்னர்க் காசைச் சுண்டி, தலையானால் ஒன்றும் பூவானால் மற்றொன்றுமாக இருபது முறை ஒலிக்கச் செய்தான். யாம் பதினாறு முறை சரியாகச் சொன்னோம். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாற் பத்து அளவே சரியாகியிருக்கும்.

நெஞ்சின் சாட்சியம் நிலைத்தது என்று மகிழ்ந்தோம். மருகன் மகிழவில்லை. “வேற்றுமை உண்டு மாமா, சரி, அது எங்கிருந்து வருகிறது?” என்றான்.

ஸ்பீக்கரின் மின்தடை 8 ஓம் என்று எழுதியிருப்பினும் எல்லாச் சுருதிக்கும் அஃது எட்டன்று. எம் பெட்டியில் வினாடிக்கு 80 அதிர்வு அளவில் 20 ஓம் வரை ஏறுகின்றது. 4000 அதிர்வு அளவில் 3 ஓம் வரை இறங்குகின்றது. டிரான்ஸிஸ்டர் யந்திரத்தின் உள்தடை மிகச் சிறிதாகையால் இவ்வேற்றத் தாழ்வு அதனைத் தொடாது. நண்பருடைய வால்வு யந்திரத்திற்கோ 2 ஓம் அளவு உள்தடை உண்டு. பெட்டியின் தடை 20 ஆகும் இடத்தில் மின்னழுத்தத்தின் இருபத்திரண்டில் இருபது பங்கு பெட்டியைச் சேரும். 3 ஆகும் இடத்தில் ஐந்தில் மூன்று பங்கே சேரும். இரண்டிற்கும் வேற்றுமை ஏறத்தாழ மூன்றரை டெஸிபெல். தொப்பி கொழுத்ததும் சகரம் மழுங்கியதும் இவ்வாறு வந்தவையே.

அடுத்து அவன் செய்தது எம்மைத் திகைக்கச் செய்தது. கடைத்தெருவிற் சில ரூபாய்க்குக் கிடைக்கும் 2 ஓம் கம்பித் தடைகள் இரண்டை வாங்கிவந்து, டிரான்ஸிஸ்டர் யந்திரத்திற்கும் ஸ்பீக்கர்களுக்கும் இடையே இட்டான்; ஓசையை மறுபடியும் சமன் செய்தான்; காசைச் சுண்டினான். இம்முறை இருபதில் யாம் சரியாகச் சொன்னது பதினொன்று. இடம் மாறி அவன் நாற்காலியில் அமர, யாம் விசையைத் திருப்பினோம். அவன் பதினைந்து சொன்னான். அறுபது கடந்த செவிக்கும் இருபத்துமூன்று வயதுச் செவிக்கும் இடையேயுள்ள தூரம் அஃது. 1985ஆம் ஆண்டில் பாப் கார்வர் என்னும் அமெரிக்கப் பொறியாளர், விலை மிகுந்த வால்வு யந்திரம் ஒன்றின் குணத்தைத் தம் டிரான்ஸிஸ்டர் யந்திரத்தில் வரச்செய்து, ‘ஸ்டீரியோபைல்’ பத்திரிகையார் செவிக்கே வேறுபாடு தெரியாதபடி ஆக்கிய கதையை அவன் அதன்பின்னரே சொன்னான்.

எஞ்சிய அச்சிறு வேற்றுமைக்கும் காரணம் உண்டு. தனி வால்வு ஒன்று ஒரு சுரத்தைப் பெருக்குங்கால், அதன் மேல் ஸ்தாயிச் சுரத்தையும் சிறிது தானாகச் சேர்த்துவிடும். ஷட்ஜத்தோடு மேல் ஷட்ஜம் இழைவதுபோல. தம்பூராவிற் பழகிய செவிக்கு இது குற்றமாகப் படுவதில்லை, நிறைவாகவே படும். ஒரு குரலும் ஒரு வயலினும் உள்ளவரை யாமும் அதனை நிறைவென்றே சொல்வோம். மேனாட்டு வாத்தியக் கோஷ்டியில் அறுபது பேர் ஒருங்கே வாசிக்கும் இடத்தில் அதுவே கலங்கல் ஆகின்றது. சுரங்கள் ஒன்றோடொன்று பெருகி, எவரும் வாசியாத சுரங்கள் பிறக்கின்றன.

எல்லா வால்வு யந்திரங்களும் இத்தகையன என்று மாணவர் கொள்ளலாகாது. வெளிவரும் ஒலியில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே செலுத்திக் குற்றத்தைத் திருத்தும் முறையை ஹரால்டு பிளாக் என்பார் 1927ஆம் ஆண்டிற் கண்டார். அம்முறையைக் கைக்கொண்டு வில்லியம்ஸன் என்பார் 1947ஆம் ஆண்டில் ‘வயர்லெஸ் வோர்ல்டு’ பத்திரிகையில் வெளியிட்ட 15 வாட் வால்வு ஆம்ப்ளிபையரிற் பிழை ஆயிரத்தில் ஒரு பங்கே. அத்தகையதன் உள்தடையும் சிறிது. நல்ல டிரான்ஸிஸ்டர் யந்திரத்தினின்றும் அதனைப் பிரித்தறிவது எம் செவிக்கு எளிதன்று. ‘வால்வின் ஒலி’ என்று உலகம் கொண்டாடுவதிற் பெரும்பங்கு வால்வினுடையதன்று, அமைப்பினுடையது என்பதே எம் துணிபு.

பிற செய்திகளைச் சுருங்கச் சொல்லுவோம். அது சித்திரை மாதம், ஊர் மதுரை. பாட்டு ஒலித்தாலும் ஒலியாவிடினும் அவ்யந்திரம் இடையறாது 150 வாட் அளவு மின்சாரத்தை உண்டு, அதில் ஏறத்தாழ முழுவதையும் வெப்பமாகக் கக்கிற்று. மின்விசிறி சுழலவேண்டும், சுழன்றால் பாட்டின் நுண்மை கேளாது. எந்த நுண்மைக்காக அதனைக் கொணர்ந்தோமோ, அதனை விசிறி கொண்டுபோயிற்று. மேலும் அதனுள்ளே 350 வோல்ட்டிற்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. விசையை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் உள்ளே தங்கும். கண்ணாடியோ கையைச் சுடும். எம் பேரக்குழந்தைக்கு வயது மூன்று. ஒளிரும் பொருள் எதுவாயினும் தனக்கென்றே ஏற்றப்பட்டதென்பது அவள் கொள்கை. வால்வுகள் சில ஆயிரம் மணி நேரத்திற் களைத்து மாற்ற வேண்டுவன என்பதையும் வாங்குவோர் விலையோடு சேர்த்து எண்ணல் வேண்டும். இவையொன்றும் நண்பரைத் தடுப்பனவல்ல. அவர் தனியறையும் குளிரூட்டும் யந்திரமும் உடையவர். சிறு பிள்ளைகள் இல்லை. பெட்டிகளின் உணர்திறன் 96. அவர் வீட்டில் அந்த ஆம்ப்ளிபையரைக் கேட்டுவிட்டு, அதனை வேண்டாம் என்று சொல்ல எமக்கு நா எழாது.

எம் வீட்டிற்கு அது வேண்டுமாயிற் பெட்டிகளையும் மாற்றவேண்டும், செலவு இரட்டிக்கும், கூடத்திற் பாதியைப் பெட்டிகளே அடைத்துக்கொள்ளும். இரண்டாவது வாரத்தின் இறுதியில் யந்திரத்தை வைக்கோலிற் பொதிந்து நண்பரிடம் சேர்ப்பித்தோம். அடுக்களைக்குத் தளம் போட்டாயிற்று.

மருகன் போகுமுன், அந்த 2 ஓம் தடைகளை ஒரு சிறு மரப்பெட்டியில் அடைத்து, காற்றோட்டத்திற்குத் துளையிட்டு, ஸ்பீக்கர்க் கம்பியின் நடுவே ஒரு விசையோடு பொருத்திக் கொடுத்தான். விசை ஒரு பக்கம் சாய்ந்தால் தடையில்லை. நாகசுவரமும் மேனாட்டுக் கோஷ்டியும் அப்பக்கத்திற் கேட்போம். மறுபக்கம் சாய்ந்தால் தடை குறுக்கே வரும். இரவிற் பழைய வாய்ப்பாட்டிற்கு அது. எம் தகப்பனாரை மாமா என்று அழைத்துப் பழகிய எம் மனையாள், அதற்கு ‘மாமா பக்கம்’ என்று பெயரிட்டிருக்கிறார். இரவுச் சமையல் முடிந்து, புதுத் தளத்தைத் துடைத்துவிட்டு வரும்போது, “மாமா பக்கம் வையுங்கள்” என்று அங்கிருந்தே குரல் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.