ஏழு நிமிஷமும் ஒரு பத்தாயிரமும்

மும்பைக்கு ரெண்டு மணி புதுசில்லைங்க. 1906-ல் நாட்டுக்கே இந்திய நேரம் வந்த பிறகும், 39 நிமிஷம் பின்தங்கிய 'பாம்பே டைம்' இங்கே 1955 வரை ஓடியது.

அதே கூத்து போன வருஷம் எங்கள் கிளையிலும். தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் வந்தார். "சார், ஏடிஎம்ல பத்தாயிரம் அடிச்சேன். பணம் வரல. கணக்குல மட்டும் போயிட்டு."

இயந்திரப் பதிவில் 10:42, பணம் வந்தாச்சு. கேமராவில் 10:42-க்கு யாரோ ஒரு அம்மா. "கார்டை யார்கிட்டயோ கொடுத்துட்டு வந்து நிக்கிறார்" என்று மேலே முடிவு கட்டிவிட்டார்கள். அண்ணாச்சி முகம் செத்துப்போச்சு.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இயந்திரத்தில் பணம் நிரப்ப ஆள் வந்து கதவைத் திறந்த நேரம் ரெண்டு பதிவிலும் இருக்குமே? ஒப்பிட்டேன். கேமரா கம்ப்யூட்டர் ஏழு நிமிஷம் ஸ்லோ! 10:35 படத்தில் அண்ணாச்சி பொத்தானை அமுக்குகிறார், காத்திருக்கிறார், வெளியே போகிறார். அப்புறம்தான் நோட்டு எட்டிப் பார்க்கிறது. அடுத்து வந்தவன் அமுக்கிக்கொண்டான். பணம் அண்ணாச்சி கணக்குக்குத் திரும்பியது.

கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் குவார்ட்ஸ் கடிகாரம்தான். நாளுக்கு ரெண்டு விநாடி பிசகினால் மாசத்துக்கு ஒரு நிமிஷம். ஏழு மாசம் யாரும் சீந்தவில்லை என்று அர்த்தம்.

மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து ஜிபிஎஸ் ரிசீவர் மாட்டினார்கள். செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம், அதைவிடத் துல்லியம் ஏது? ஆனாலும் மணி முன்னும் பின்னும் குதித்தது. சர்வீஸ் பையன் ரெண்டு காரணம் கண்டுபிடித்தான்.

ஒண்ணு, ஜிபிஎஸ் நேரம் 2017-லிருந்து உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முன்னால் இருக்கிறது. இந்தக் கணக்கு செயற்கைக்கோள் செய்தியிலேயே வரும். ஆனால் முழுச் செய்தியும் வந்துசேரப் பன்னிரண்டரை நிமிஷம் ஆகும். ரிசீவரைப் போட்ட உடனே காட்டும் மணியை நம்பக்கூடாது.

ரெண்டு, விண்டோஸும் தன் பங்குக்கு நெட்வொர்க்கிலிருந்து மணியைத் திருத்திக்கொண்டிருந்தது. ஒரு உறையில் ரெண்டு கத்தி! அதை அணைத்ததும் அடங்கிவிட்டது.

கடை வைத்திருக்கும் நண்பர்களே, இன்னிக்கே உங்கள் கேமராவில் மணி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். திருடன் வந்த பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை.