பூசினாற்போல்

நம் கதைகளில் வியாதிக்கு இடமுண்டு. க்ஷயத்தில் மெலிகிறவர்கள், சித்தம் கலங்குகிறவர்கள் நிறைய. மாத்திரையால் முகம் உப்பிப்போனவனை நான் படித்ததில்லை. பெருங்குடல் புண் – அல்ஸரேட்டிவ் கோலைட்டிஸ் – ஆறு வருஷமாக என்னோடிருக்கிறது. ரத்தமும் சீதமுமாகப் போகும் இந்த வியாதியைக் கவித்துவமாக்க எவருக்கும் தோன்றாது. அதுவும் நல்லதற்குத்தான்.

முதலில் ஸல்ஃபாஸலஸீன். ஸ்வீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டுவாதத்துக்காக முயன்றது. 1942-ல் அதைப் பற்றி எழுதினார். ஒரு ஸல்ஃபாவும் ஸாலிஸிலிக் வகை அமிலமும் பிணைந்தது. பெருங்குடலின் பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன. குணம் செய்வது அமிலம்தான் என்று 1977-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தெளிவாயிற்று. ஸல்ஃபா வெறும் வண்டி. தலைவலி, குமட்டல் பெரும்பாலும் அதன் உபயம். 35 வருஷங்கள் ஜனங்கள் வண்டிப் புகையையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார்கள். என் மூத்திரம் ஆரஞ்சு நிறமாயிற்று. விந்தணுக்கள் குறைந்தன, நிறுத்தினால் சில மாதங்களில் மீளும் என்றார் டாக்டர். மீண்டன. கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அது. உறவுக்காரர்களின் கேள்விகளெல்லாம் என் மனைவியிடம்தான் போயின. அவள் மாத்திரையைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை.

பிறகு அமிலம் மட்டும், மெஸலமீன். சிலருக்கு அதுவே ரத்தப்போக்கை அதிகப்படுத்துமாம். வியாதியா மருந்தா என்று பிரித்தறிய மருந்தை நிறுத்திப் பார்ப்பது தவிர வழி குறைவு. எனக்கு அப்படியில்லை, இரண்டு வருஷம் தாங்கியது.

அப்புறம் ப்ரெட்னிஸலோன், 40 மில்லிகிராம். கவுண்டரில் ஒரு பென்ஷன்காரர், "என்ன ஸார், பூசினாப்ல இருக்கீங்க, வீட்டுச் சாப்பாடா?" என்றார். தூக்கம் போயிற்று. அதிகாலை இரண்டு மணிக்கு அபாரமான தெளிவு. அந்த நாட்களில் ஒரே மூச்சில் எழுதிய கட்டுரையைத்தான் நண்பர்கள் என் எழுத்தில் சிறந்தது என்கிறார்கள். மறுபடி வாசித்தேன். வாக்கியங்கள் என்னுடையவை, அந்த நிச்சயம் என்னுடையதில்லை என்று படுகிறது. ஆனால் மாத்திரையில்லாத என் தயக்கம் மட்டும் எந்த விதத்தில் அசல்? குடலும் ரத்தசோகையும் எழுதிய தயக்கமாக அது ஏன் இருக்கக்கூடாது? கட்டுரையைத் தொகுப்பில் சேர்ப்பதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

அஸாதயோப்ரின் மூன்றாம் வாரத்தில் தலைமுடியைக் கொத்தாகக் கையில் தந்தது. வெள்ளணுக்கள் 900-க்கு இறங்கின, ஜுரம், எட்டு நாள் தனியறை. ஐரோப்பியரிடம் அதிகம் காணும் டி.பி.எம்.டி. மரபணுக் கோளாறுக்கான சோதனையை முன்பே செய்திருந்தார்கள். அதில் நான் சுத்தம். 2014-ல் கொரிய நோயாளிகளிடம் கண்டறிந்த என்.யு.டி.டி.15 மாறுபாடுதான் என்னிடம் இருந்தது. நம்மிடையேயும் இருக்கிற ஒன்று. அந்த ஆஸ்பத்திரியில் அதைச் சோதிக்கும் வழக்கமில்லை. நம் விமர்சன அளவுகோல்களைப் பற்றி இங்கே ஒரு வரி சேர்க்கக் கை பரபரக்கிறது. விட்டுவிடுகிறேன்.

இப்போது இன்ஃப்ளிக்ஸிமாப் என்கிறார்கள். உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியதாம், அதனால் முதலில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வெள்ளிக்கிழமை. லீவு சொல்லியாயிற்று.